ஒட்டலும் கூட்டலும்: புகைப்பட ஒளியமைப்பும் யதார்த்தவாதப் பிரச்சினையும்

ஈழத்து முற்போக்குத் திறனாய்வில் 'புகைப்படப் பாங்கான சித்திரிப்பு' என்னும் தொடர் ஏறத்தாழ ஒரு வசைச்சொல்லாகவே வழங்கிவந்துள்ளது. புறவுலகின் மேற்பரப்பைத் தேர்வின்றிப் பெயர்த்தெழுதும் இயற்பண்புவாதத்தை, சமூக இயக்கத்தின் சாரத்தைப் பற்றிக்கொள்ளும் யதார்த்தவாதத்திலிருந்து பிரித்துக்காட்டும் தேவை எழுந்தபோதெல்லாம் நமது திறனாய்வாளர் கமராவையே உவமையாக எடுத்தாண்டனர். லூக்காக்ஸ் 1936இல் எடுத்துரைத்தலுக்கும் விவரித்தலுக்கும் இடையே வகுத்த வேறுபாடு தமிழ்ச் சூழலில் அறிமுகமானபோது இவ்வுவமை மேலும் உறுதிபெற்றது. எழுத்தாளன் தேர்கிறான், கமரா தேர்வதில்லை என்பதே இதன் உட்பொருள். உவமேயத்தைப் பற்றி நாம் வேண்டிய அளவு விவாதித்திருக்கிறோம். உவமானத்தைச் சோதித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. இக்கட்டுரை அச்சோதனையைச் செய்ய முற்படுகின்றது. அதற்கென நாம் எடுத்துக்கொள்வது ஒரு சிறிய தொழில்நுட்பமே: ஒரே காட்சியைத் தனித்தனி ஒளியில் பலமுறை பதிவுசெய்து, படம் பிடித்து முடித்த பின்னர் அப்பதிவுகளை ஒன்றுசேர்த்து ஒளியமைப்பைத் தீர்மானிக்கும் முறை.

பல பதிவுகளை ஒரு படமாக்குதல் புகைப்படக் கலையளவு பழைமையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வழக்கிலிருந்த கொலோடியன் கண்ணாடித் தகடு நீல ஒளியை மிகையாக உள்வாங்கும் இயல்புடையது. கடலுக்கு வேண்டிய நேரம் தகட்டைத் திறந்துவைத்தால் வானம் வெறும் வெண்பரப்பாகிவிடும். வானத்துக்கு ஏற்பக் குறைத்தால் கடல் இருண்டுபோகும். பிரெஞ்சுக் கலைஞர் குஸ்தாவ் லு கிரே 1856, 1857 ஆண்டுகளில் தம் கடற்காட்சிகள் சிலவற்றில் இதற்கு ஒரு வழி கண்டார். வானத்துக்கு ஒரு தகடு, கடலுக்கு ஒரு தகடு. அடிவானக் கோட்டில் இரண்டையும் பொருத்தி ஒரே தாளில் அச்சிட்டார். ஒரே மேகக்கூட்டம் அவரது வெவ்வேறு கடல்களின் மேல் மிதப்பதை இன்று ஆய்வாளர் எடுத்துக்காட்டுகின்றனர். அக்காலத்துப் பார்வையாளருக்கோ அது இயற்கையின் முழுமையாகவே தோன்றிற்று.

1857இல் மன்செஸ்டர் கலைப் பொக்கிஷக் கண்காட்சியில் ஒஸ்கார் ரெய்லாண்டர் 'வாழ்வின் இரு வழிகள்' என்னும் படத்தைக் காட்சிக்கு வைத்தார். முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைக் கொண்டு அச்சிடப்பட்ட படம் அது. ஒரு மூத்தவர் இரு இளைஞரை உலகுக்கு அழைத்துவருகிறார். ஒருவன் உழைப்பும் பக்தியும் உள்ள பக்கம் திரும்புகிறான், மற்றவன் சூதும் காமமும் உள்ள பக்கம் சாய்கிறான். விக்டோரியா மகாராணி ஒரு பிரதியை வாங்கினார். அதே ஆண்டில் அதே மன்செஸ்டரில் பிரெடரிக் ஏங்கெல்ஸ் தம் குடும்பத்தினர் பங்காளிகளாயிருந்த பருத்தி நிறுவனத்தின் அலுவலகத்தில் வேலைசெய்துகொண்டிருந்தார் என்பதை இவ்விடத்து நினைவுகூரலாம். பஞ்சாலைகளின் நகரில் உழைப்பு என்பது ஒரு நீதிக்கதையின் வலப்பக்கமாகக் காட்டப்பட்டது. முப்பது நெகட்டிவ்களிலும் ஆலை எதுவும் இல்லை. எத்தனை துண்டுகளை இணைத்தாலும், எடுக்கப்படாத துண்டு படத்தில் வந்துவிடாது.

லு கிரேயும் ரெய்லாண்டரும் கையாண்ட முறையை நாம் ஒட்டல் எனக் குறிப்போம். வெவ்வேறு வேளைகளில் வெவ்வேறு ஒளியில் எடுக்கப்பட்டவை அருகருகே வைக்கப்படுகின்றன. தையல் தெரியக்கூடாது என்பதே கைவினைஞனின் முதற் கவலை. ஓர் உருவின் நிழல் இடப்புறமும் அடுத்ததன் நிழல் வலப்புறமும் விழுந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆதலின் நிழல்கள் மழுக்கப்படும் அல்லது துடைக்கப்படும். தமிழ்த் திரைப்படத்தில் 1940ஆம் ஆண்டின் 'உத்தமபுத்திரன்' பி.யு.சின்னப்பாவை இரட்டை வேடத்தில் காட்டியது. இத்தகைய காட்சிகளுக்கு வில்லையின் ஒரு பாதியை மறைத்து ஒருமுறையும், படச்சுருளைப் பின்னோக்கிச் சுற்றி மறுபாதியை மறைத்து இன்னொருமுறையும் பதிவுசெய்வர். இரு பாதியிலும் விளக்குகள் அணுவளவும் பிசகாது ஒத்திருத்தல் வேண்டும். ஒட்டலின் அறம் ஒத்திசைவே.

இதனினும் வேறான ஒரு முறையை 1992இல் சிலிக்கன் கிராபிக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த போல் ஹேபர்லி சிறு குறிப்பொன்றில் விளக்கினார். அதன் அடிப்படை பௌதிகவியலின் மிக எளிய உண்மை: ஒளி கூட்டற்பண்பு உடையது. ஒரு பொருளின் மேல் முதலாம் விளக்கை மட்டும் ஏற்றிப் பதிவுசெய்கிறோம். ஒரு புள்ளியில் அது 30 அலகு ஒளி தருகிறது எனக் கொள்வோம். அதனை அணைத்து இரண்டாம் விளக்கை மட்டும் ஏற்றினால் அதே புள்ளியில் 50 அலகு. இரண்டையும் சேர்த்து ஏற்றினால் 80 அலகு கிடைக்கும். எனவே இரண்டையும் சேர்த்து ஏற்ற வேண்டிய தேவையே இல்லை. தனிப் பதிவுகளைக் கூட்டினால் போதும். இரண்டாம் விளக்கு பாதியாகக் குறைந்திருக்க வேண்டுமென்று பின்னர் தோன்றினால் 30உடன் 25ஐக் கூட்டலாம். ஒரு விளக்கைச் சிவப்பாக்கலாம், மற்றதை நீலமாக்கலாம். விளக்கெதுவும் ஏற்றாத பதிவொன்றை எடுத்துக் கழித்தால், சாளரத்து வெளிச்சமும் படத்திலிருந்து நீங்கிவிடும்.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனியாதவர் தவறான விடையையே பெறுவர். கணினிக் கோப்பில் சேமிக்கப்படும் எண்கள் ஒளியின் அளவுக்கு நேர்விகிதத்தில் இருப்பவையல்ல. மனிதக் கண்ணின் இயல்புக்கேற்ப வளைக்கப்பட்டவை. வழமையான படக்கோப்பில் உச்ச எண் 255. அதன் பாதியான 128 குறிக்கும் ஒளி பாதியன்று, ஏறத்தாழ 22 சதவீதமே. வளைவை நிமிர்த்திய பின்னரே கூட்டுதல் வேண்டும். தோற்றத்தைத் தோற்றத்தோடு கூட்டினால் உண்மை கிடைக்காது என்பதற்கு இதைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டை எமது அழகியல் நூல்களில் நாம் கண்டதில்லை.

இம்முறையைக் கூட்டல் என்போம். ஒட்டலுக்கும் கூட்டலுக்கும் உள்ள வேறுபாடு நிழலில்தான் வெளிப்படுகின்றது. கூட்டலில் ஒவ்வொரு விளக்கும் தனக்குரிய நிழலைத் தன்னோடு கொண்டுவருகிறது. இடப்புற விளக்கின் நிழலும் வலப்புற விளக்கின் நிழலும் ஒன்றையொன்று அழிப்பதில்லை. தத்தம் அளவுக்கு மங்கியோ அழுத்தமாகவோ படத்தில் நின்றுகொள்கின்றன. இங்கு முரண் மறைக்கப்படுவதில்லை, எடையிடப்படுகிறது. எவ்வளவு எடை என்பதைத் தீர்மானிப்பவனே கலைஞன். அவனது சுதந்திரத்துக்கு ஓர் எல்லை உண்டு: ஏற்றப்பட்ட விளக்கை அவன் கூட்டலாம், குறைக்கலாம், ஏற்றப்படாத விளக்கை எத்திறத்தாலும் சேர்க்கவியலாது.

மற்றொரு நிபந்தனையும் உண்டு. பதிவுகளுக்கிடையே கமராவும் அசையக்கூடாது, பொருளும் அசையக்கூடாது. இந்நிபந்தனையின் சமூகப் பொருள் ஆழமானது. அசையாது நிற்பது எது? நகை நிற்கும், தளபாடம் நிற்கும், விற்பனைக்குள்ள வீடும் தட்டில் வைத்த உணவும் நிற்கும். சுருங்கச் சொன்னால் பண்டம் நிற்கும். உழைப்பு நிற்பதில்லை. சம்மாந்துறையின் அரிசி ஆலைகளிலிருந்து வெளிச்செல்லும் பொதிகளில் பொன்னிற நெற்கதிரின் படத்தைக் காண்கிறோம். எப்பக்கமும் குறைவற ஒளியூட்டப்பட்ட கதிர் அது. வரம்பில் குனிந்து நிற்கும் மனிதனை அவ்வாறு பதிவுசெய்ய முயன்றால் இரண்டாம் விளக்கு ஏறுமுன் அவன் நிமிர்ந்துவிடுவான். போடியார், முல்லைக்காரன், வட்டவிதானை என நீண்ட உறவுத்தொடரும், 1958இன் நெற்காணிச் சட்டம் அத்தொடரில் எழுப்பிய கலக்கமும், கல்லோயாத் திட்டம் 1949 முதல் நீர்ப்பங்கீட்டில் கொணர்ந்த மாற்றமும் அக்கதிரின் மேல் விழும் எந்த விளக்கிலும் புலப்படா. ஒரு பெருந்தொழிற்சாலையின் புகைப்படம் அந்நிறுவனத்தைப் பற்றி ஏறத்தாழ எதையுமே கூறுவதில்லை என்று பிரெக்ட் கருதியதையும், வால்டர் பெஞ்சமின் 1931இல் எழுதிய புகைப்பட வரலாற்றுக் கட்டுரையில் அதனை எடுத்தாண்டதையும் யாவரும் அறிவர். கூட்டல் முறை பிரெக்டின் கருத்தைப் பொய்ப்பிக்கவில்லை. பண்டத்தை மேலும் பிரகாசமாக்கும் வல்லமையை மட்டும் அதற்குத் தந்திருக்கிறது.

உழைப்புச் செயன்முறையை நோக்கினும் இதே திசைதான். ஹரி பிரேவர்மன் 1974இல் வெளியிட்ட நூலில், ஏகபோக மூலதனத்தின் கீழ் சிந்தித்தலும் செய்தலும் பிரிக்கப்படுவதை விரித்துரைத்தார். முன்னர் விளக்குப் பிடித்தவனிடம் ஒரு தீர்மானம் இருந்தது. எந்த முகத்தில் எவ்வளவு நிழல் என்பது அவன் கண்ணும் கையும் சேர்ந்து எடுத்த முடிவு. கூட்டல் முறையில் அவன் எல்லா விளக்குகளையும் முறைவைத்து ஏற்றி அணைக்கிறான்; எதற்கு என்ன எடை என்பது பின்னர், வேறோர் அறையில், பெரும்பாலும் வாடிக்கையாளர் முன்னிலையில் முடிவாகிறது. 2000ஆம் ஆண்டில் போல் டெபெவெக்கும் உடனாய்வாளரும் ஒரு மனித முகத்தை எல்லாத் திசையிலிருந்தும் ஒளியூட்டிப் பதிவுசெய்யும் மேடையை அறிமுகஞ் செய்தனர். அசையாதிருத்தல் என்னும் நிபந்தனையை வேகத்தால் வெல்லும் வழி அதனால் திறந்தது. 2004இன் 'ஸ்பைடர்மான் 2' திரைப்படத்தில் நடிகரின் எண்முறை உருவை ஆக்க இத்தொழில்நுட்பம் பயன்பட்டது. ஒரு முகம் எல்லா ஒளியிலும் ஒருமுறை பதிவாகிவிட்டால் அம்முகம் நடிகனின்றியே எந்தக் காட்சியிலும் நிற்கவல்லது. 2023இல் அமெரிக்கத் திரை நடிகர் சங்கம் 118 நாட்கள் வேலைநிறுத்தஞ் செய்தபோது முன்வைக்கப்பட்ட பிரதான பிரச்சினைகளுள் எண்முறைப் பிரதியுருவின் உரிமையும் ஒன்று. முகத்தின் மேல் விழுந்த ஒளி யாருக்குச் சொந்தம் என்பது அழகியல் வினாவாகத் தொடங்கிக் கூலிப் பிரச்சினையாக முடிந்தது.

ஆயின் இயந்திரத்தைச் சபிப்பது எமது நோக்கமன்று. உற்பத்திச் சாதனம் மலிவடையும்போது அது எதிர்த்திசையிலும் தொழிற்படும். கல்முனையிலோ சம்மாந்துறையிலோ சிறு முதலீட்டில் தொழில் நடத்தும் புகைப்படக்காரர் பத்து விளக்கு வாங்கவியலாது. முக்காலியில் கமராவை அசையாது நிறுத்தி, ஒற்றை விளக்கைக் கையிற் கொண்டு கல்யாண வீட்டின் அலங்கார மேடையைச் சுற்றிவந்து, பத்து இடங்களில் நின்று பத்துப் பதிவு எடுத்து அவற்றைக் கூட்டினால், பத்து விளக்கின் ஒளி அவருக்குக் கிட்டும். பெருநிறுவனத்தில் விளக்குப் பிடிப்பவனிடமிருந்து பறிக்கப்பட்ட தீர்மானம் இங்கு ஒரே மனிதனிடம் மீள்கிறது. மாப்பிள்ளையும் பெண்ணும் மேடைக்கு வந்ததும் இம்முறை தோற்றுவிடும் என்பதும் உண்மையே. மனிதர் வந்தவுடன் அவர் பழைய ஒற்றை வெளிச்சத்துக்குத் திரும்புகிறார்.

சோசலிச முகாமின் கலையும் இவ்வினாவிலிருந்து தப்பவில்லை. 1945 மே மாதம் பேர்லினில் ரைக்ஸ்டாக் கட்டடத்தின் மேல் செங்கொடி ஏற்றப்படும் படத்தை எடுத்த யெவ்கெனி கால்டெய், பிரசுரத்துக்கு முன் இரு வேலைகள் செய்தார். வேறொரு படத்திலிருந்து கரும்புகையைக் கொணர்ந்து வானத்தில் சேர்த்தார். கொடியேற்றியவனைத் தாங்கிநின்ற வீரனின் இரு மணிக்கட்டிலும் கடிகாரம் இருந்தது. அவற்றுள் ஒன்றைச் சுரண்டி நீக்கினார். (நிழற்படம், ஒளிப்படம் என்ற பெயர்கள் இருக்கவும் நம்மவர் ஏன் புகைப்படம் என்றே பெருவழக்காகச் சொல்கின்றனர் என்று சிலவேளை வியந்ததுண்டு, இங்கேனும் அப்பெயர் பொருந்துகிறது.) இவ்விரு செயலையும் ஒன்றாக வைத்துப் பேசும் முதலாளித்துவ விமர்சகரோடு நாம் உடன்படவில்லை. பேர்லினில் புகை உண்மையாகவே இருந்தது. அது பிறிதொரு கோணத்திலிருந்து வந்துசேர்ந்தது. கடிகாரத்தை நீக்கியதோ கொள்ளையின் தடயத்தை அழித்தது. பாசிசத்தை முறியடித்த படையின் புகழ் அந்த ஒரு கடிகாரத்தைத் தாங்கமாட்டாத அளவு பலவீனமானதென்று யார் முடிவுசெய்தார்? நிழலைத் துடைக்கும் பழக்கம் அத்தகைய சிறு முடிவுகளிலேயே வேரூன்றுகிறது. ஜோன் ஹார்ட்பீல்ட் ஹிட்லருக்கு எதிராகச் செய்த ஒட்டுப்படங்களில் இத்தொல்லை எழவில்லை. அவர் தையலை மறைக்க முயலவில்லை; இரு துண்டுகளின் மோதலே அவர் கருத்து.

இலங்கையைப் பொறுத்தவரை லயனல் வென்ற் (1900-1944) நினைவுக்கு வருவார். 1934இன் 'சோங் ஒவ் சிலோன்' ஆவணப்படத்துக்குக் குரல் கொடுத்தவர். 43 குழுவின் தோற்றத்தில் முன்னின்றவர். பல நெகட்டிவ்களை இணைத்தலும், ஒளியால் தலைகீழாக்குதலும் அவருக்குக் கைவந்த வித்தைகள். தேயிலைப் பிரசாரச் சபையின் பணத்தில் உருவான அவ்வாவணப்படம் வணிகத்தின் குரலையும் கிராமத்தின் உருவையும் ஒன்றன்மேல் ஒன்றாக இட்டது. வென்ற் இறந்த பின் அவரது நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. இணைந்த படம் இருக்கிறது, இணைக்கப்பட்டவை இல்லை. எதை எதனோடு, எந்த எடையில் சேர்த்தார் என்று இனி எந்த ஆய்வாளனும் பிரித்துக் காணமுடியாது.

இனி இலக்கியத்துக்கு வருவோம். கமரா தேர்வதில்லை என்ற உவமானம் பொய்த்துவிட்டது. ஆயின் அதனால் இயற்பண்புவாதத்துக்கு மன்னிப்புக் கிடைத்துவிடவில்லை. நமது படைப்புகளைச் சோதிக்கும் கேள்விதான் மாறுகிறது. எழுத்தாளன் புகைப்படக்காரனைப் போல் எழுதுகிறானா என்று இனிக் கேட்பதில் பயனில்லை. ஒட்டுகிறானா, கூட்டுகிறானா என்று கேட்டல் வேண்டும். எமது முற்போக்குச் சிறுகதைகளில் ஒரு பெரும்பகுதி, வருத்தத்தோடு சொல்வதாயின், ஒட்டலே. ஏழை விவசாயிக்கு ஒரு வெளிச்சம். நிலவுடைமையாளருக்குக் கூத்துமேடை அரக்கனுக்குப் போல் கீழிருந்து தீவட்டி வெளிச்சம். இறுதிப் பந்தியில் வேறெங்கிருந்தோ கொணர்ந்த ஒரு விடியல் வானம். லு கிரேயின் மேகத்தைப் போல அவ்விடியல் எந்தக் கதைக்கும் பொருந்தும். விவசாயியின் வீட்டுக்குள் அவன் மனைவியின் மேல் அவனே வீழ்த்தும் நிழல் அங்கு துடைக்கப்பட்டிருக்கும். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே இக்கரையோரத்தில் 1980களின் நடுப்பகுதி முதல் வீழ்ந்த நிழல் 'வர்க்க ஒற்றுமை' என்ற ஒரே பொதுவெளிச்சத்தில் மழுக்கப்பட்டிருக்கும். வர்க்கம் என்னும் விளக்கைக் குறைத்து ஏற்றச் சொல்கிறோம் என எவரும் கருதவேண்டா. அவ்விளக்கோடு ஏனைய விளக்குகளையும் ஒவ்வொன்றாக ஏற்றிப் பதிவுசெய்த பின்னரே எடை கணிக்க முடியும் என்கிறோம். பால்ஸாக் முடியாட்சியை விரும்பியவர். ஆயினும் தாம் வெறுத்த விளக்கையும் ஏற்றத் தவறாததால்தான் ஏங்கெல்ஸ் அவரைப் போற்றினார்.

ஒட்டலைக் கண்டித்த நாம், அதனைக் கண்டிக்க மனம் வராத ஒரு வகையையும் குறிப்பிட்டாக வேண்டும். 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது முதலிய ஊர்களில் வீடுகளோடு படப்பெட்டிகளும் போயின. மௌத்தான தாயின் உருவாக எஞ்சியது, பல வீடுகளில், எங்கோ ஓர் அலுவலகத்தில் இருந்த அடையாள அட்டைப் படம் மட்டுமே. 1972 முதல் வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டையே ஏழைப் பெண்கள் பலர் வாழ்நாளில் கமரா முன் அமர்ந்ததற்கான ஒரே காரணம். நிழலற்ற, தட்டையான, ஆளைக் கண்டுபிடிப்பதற்கென்றே அரசு விதித்த வெளிச்சம் அது. ஸ்டூடியோக்காரர் அவ்வுருவை வெட்டியெடுத்து, பிள்ளைகள் நிற்கும் புதிய படத்தின் நடுவே அமர்த்தி, கன்னத்தின் ஒருபுறம் சிறிது நிழல் சேர்த்து, பிள்ளைகளின் மேல் விழும் வெளிச்சம் தாயின் மேலும் விழுவதுபோல் ஆக்கிக் கொடுப்பார். இந்தியாவின் மத்திய பகுதி ஸ்டூடியோக்களில் இத்தகைய நினைவுப் படங்களைப் பற்றிக் கிறிஸ்தோபர் பின்னி 1997இல் விரிவாக எழுதியுள்ளார். இது பொய்தான். ஆயினும் வீட்டார் எவரும் இதனால் ஏமாறுவதில்லை. தையல் எங்கே என்பது அவர்களுக்குத் தெரியும். அரசு தந்த வெளிச்சத்திலிருந்து அவளை மீட்டுத் தம் வெளிச்சத்துக்குள் கொண்டுவரவே அவர்கள் பணம் கொடுக்கின்றனர்.

விளக்கு யார் கையில் என்ற வினா இப்பிரதேசத்தில் கல்வெட்டுகளையும் தொடுகின்றது. 2001இல் டொம் மால்ஸ்பெண்டரும் உடனாய்வாளரும் கூட்டல் முறையின் வழித்தோன்றலான ஓர் உத்தியை வெளியிட்டனர். தேய்ந்த கல்லைச் சுற்றிப் பல பத்து இடங்களில் விளக்கை வைத்துப் பதிவுசெய்தால், பின்னர் திரையின் முன் அமர்ந்திருப்பவரே ஒளியை விரும்பிய பக்கம் நகர்த்திப் பார்க்கலாம். சாய்ந்த ஒளியில் எழுத்தின் பள்ளம் நிழலாக எழும். கிரேக்கத்தின் அன்ரிகைதெரா இயந்திரத்தின் எழுத்துகளை 2005இல் ஆராய இவ்வுத்தி உதவிற்று. அம்பாறை மாவட்டத்தில் இராஜகல முதலிய இடங்களில் பிராமிச் சாசனங்கள் மிகுதி. பரணவிதானவின் 'இலங்கைச் சாசனங்கள்' முதற்றொகுதி 1970இல் வெளிவந்த காலம் முதல், நாம் அவற்றை அச்சிட்ட படங்களின் வாயிலாக, ஒருவர் தெரிந்தெடுத்த ஒற்றைத் தோற்றத்தில், படித்துவருகிறோம். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்கென ஜனாதிபதி செயலணி நியமிக்கப்பட்டபோது அதன் தொடக்க உறுப்பினருள் தமிழரோ முஸ்லிம்களோ இல்லை. கல்லை வாசிக்கும் உரிமை இவ்வாறு குறுக்கப்படும் சூழலில், எல்லா விளக்குகளின் பதிவையும் பொதுவில் வைக்கும் ஒரு முறை வெறும் தொழில்நுட்ப வசதியாக மட்டும் நின்றுவிடாது. அங்கு வாசகனே விளக்கைப் பிடிக்கிறான். மற்றவர் வாசிப்பை மறுக்கவும் அவனால் இயலும்.

ஆதலின் தமிழ்ச் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். இக்கரையோரத்தின் ஸ்டூடியோக்கள் பல மூடப்பட்டுவிட்டன. சில மூடப்படும் நிலையில் உள்ளன. அவற்றின் நெகட்டிவ் பெட்டிகளையும், இணைத்து முடித்த படங்களுக்கு மூலமாயிருந்த தனிப் பதிவுகளையும், உரியவர் சம்மதத்துடன் பெற்றுச் சேகரிக்கும் பொறுப்பைச் சங்கம் ஏற்றல் வேண்டும். கணினியில் இணைத்தோர் பலர் இடம் போதாமையால் மூலப் பதிவுகளை அழித்துவிட்டு இறுதிப் படத்தை மட்டும் வைத்துக்கொள்கின்றனர். அவ்வழக்கம் நிற்கவேண்டுமாயின், மூலப் பதிவைக் கேட்டு வாங்க ஓர் இடம் இருக்கிறது என்பதையேனும் அவர்களுக்குத் தெரிவித்தாக வேண்டும்.